மூச்சு விடாத மூவாயிரம் மலைப்பாம்புகள்

அத்தியாயம் 7

மாலை ஐந்து மணிக்குள் தோவா ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டால் வேலை போகும். இனி எந்த ஆய்வுக்கூடமும் அவளை வாசலில்கூட நிறுத்தாது. ஆனாலும் வீட்டுக்குப் போய்விடலாம். போடாவிட்டால் வழக்கு கோர்ட்டுக்குப் போகும். போலி ஆவணம் தயாரித்ததற்கு ஐந்து வருடம்வரை கிடைக்கும் என்று மாவட்டக் காவல் நிலையத்தில் அவளிடம் நிதானமாக எடுத்துச் சொல்லியிருந்தார்கள். பதினொரு நாளாக அவள் ஒரே வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அளந்தது சரி.

தியெப் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டே கால்.

ஒல்லியான நீளப் படகு கால்வாயைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னால் மோட்டாரைப் பிடித்திருந்தவன் தோவாவின் அண்ணன் லுவம். உமின் சதுப்புக் காட்டுக்குள் தேன் எடுப்பவன். தங்கையைக் காப்பாற்றச் சொல்லி தியெப்பின் துப்பறியும் ஆபீஸுக்குப் படியேறி வந்தவனும் அவன்தான். நடுப்பலகையில் தியெப்பின் உதவியாளன் தொங் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஆற்றுக்குப் பாலம் வருவதற்கு முன் படகுத்துறையில் பதினைந்து வருடம் டிக்கெட் கிழித்தவன். பாலம் வந்த பிறகு வாயை மட்டும் வைத்துக்கொண்டு தியெப்பிடம் வேலைக்கு வந்து சேர்ந்தான்.

"பாம்பு எவ்வளவு காத்து விடுதுன்னு அளக்க ஒரு பொண்ணு. அவ சரியா அளந்தாளான்னு பாக்க சைகோன்ல ஒருத்தன். ரெண்டு பேருக்கும் நடுவுல நாம. நேத்து நான் மொச்சை சாப்பிட்டேன்க்கா, எனக்கும் ஒரு ஃபைல் தொறந்திருப்பாங்க."

தியெப் சிரிக்கவில்லை. அவள் மனதுக்குள் வழக்கை மறுபடி முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஹுவான் என்பவரின் பண்ணையில் மூவாயிரம் மலைப்பாம்புகள். தோல் கடல் கடந்து போய்க் கைப்பையாகிறது. வாங்குகிற கம்பெனிக்கு இப்போதெல்லாம் தோல் மட்டும் போதாது. அந்தத் தோலை வளர்க்க வானத்துக்கு எவ்வளவு வாயு போனது என்று ஒரு சான்றிதழும் வேண்டும். பாம்பு தின்ற கோழித்தலை, தின்னாமல் விட்டது, எச்சம், கூண்டு கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரு குளத்தில் விழும். அங்கே அழுகும். அழுகும்போது மீத்தேன் குமிழி குமிழியாக மேலே வரும். குளத்தின்மேல் ஒரு தொட்டியைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, உள்ளே சேரும் வாயுவைக் குழாயில் இழுத்து அளப்பது தோவாவின் வேலை. நான்கு மாதம் அளந்தாள். வந்த எண்கள், மற்றப் பண்ணைகளில் வருவதில் பத்தில் ஒரு பங்கு.

முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். நாட்டிலேயே சுத்தமான பண்ணை என்று ஹுவானின் படம் பத்திரிகையில் வந்தது. பிறகு சைகோனில் கணக்குப் பார்த்த ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மூவாயிரம் பாம்பு இருக்கும் இடத்தில் இவ்வளவு குறைவாக வர வழியே இல்லை. அப்படியானால் இந்தப் பெண் குளத்துப் பக்கமே போகாமல், வீட்டில் உட்கார்ந்து எண்களை எழுதியிருக்கிறாள். ஹுவானைக் கேட்டார்கள். அவரும் யோசித்துவிட்டு, அவளைக் குளத்தருகே பார்த்ததாக ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அளக்கும் கருவி கெட்டுப்போயிருக்கும் என்பது லுவத்தின் கட்சி. முதல் நாளிலிருந்து அதையேதான் சொன்னான். கருவி பழுது என்று நிரூபித்தால் போதும், வேறு எதையும் தோண்ட வேண்டாம் என்றுகூடச் சொன்னான். தியெப் கருவியைக் கான் தோ நகரத்துக் கல்லூரிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டாள். நேற்றுப் பதில் வந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்டதும் லுவத்தின் முகம் தொங்கிப்போனது.

"கருவியும் பொய் சொல்லல. பொண்ணும் பொய் சொல்லல" என்றாள் தியெப். "மிச்சம் இருக்குறது குளம்தான்."

"குளத்துக்கு விலங்கு மாட்டுறது கஷ்டம்க்கா" என்றான் தொங்.

லுவத்துக்கு இந்தப் பக்கம் பழக்கம் இல்லையாம். கால்வாய் பிரிகிற இரண்டு இடங்களில் படகை நிறுத்தி, வலை போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் வழி கேட்டுக்கொண்டான். அரை மணி நேரத்தில் பண்ணையின் நீல நிறத் தகரக் கூரைகள் தெரிந்தன. கடலேற்றம் முடியும் நேரம். கால்வாய் விளிம்புவரை நிரம்பி, எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. படித்துறைக்கு நாற்பது அடி இருக்கும்போது படகு திடீரென்று இடப்பக்கம் ஒடித்து, ஒரு வட்டமடித்து நேரானது. தொங்கின் காபி முழுவதும் அவன் மடிக்கு வந்தது.

ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று மோட்டாரில் சிக்கப் பார்த்தது என்றான் லுவம்.

"சொல்லிட்டுத் திருப்பக் கூடாதா அண்ணே. இப்ப பாம்புப் பண்ணைக்குள்ள இந்தப் பேன்ட்டோட போனா என்ன நெனைப்பாங்க."

தோவாவின் சாடை தன் முகத்தில் இருப்பதால் உள்ளே வரவில்லை என்று லுவம் சொல்லிவிட்டான். படித்துறைக்கு அப்பால் நீர்த்தென்னை மறைவில் படகோடு காத்திருப்பதாகப் பேச்சு.

ஹுவான் தோல் வாங்குகிறவர்களைப் பார்க்க சைகோன் போயிருந்தார். பண்ணையில் காவல் பார்த்தவள் அறுபது வயதுப் பெண். எல்லோருக்கும் ஐந்தாம் அத்தை. தொங் அவளிடம் உருகிப்போய்ப் பேசினான். தன் அக்காவின் காலில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டதென்றும், பாம்புக் கொழுப்பைத் தவிர எதற்கும் அந்தப் புண் அடங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்றும் கதை கட்டினான். தியெப் காலைச் சற்று இழுத்து நடந்தாள்.

ஐந்தாம் அத்தை கழிவுக் குளத்தின் கரையில் நின்று ஒரு வாளியிலிருந்து தவிட்டை அள்ளி வீசிக்கொண்டிருந்தாள். கெளுத்தி மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்தன. தலை பெரிதாகவும் உடல் குச்சியாகவும் இருந்தன.

"என்ன அத்தை, மீனெல்லாம் மாசம் முழுக்க விரதமா?" என்று கேட்டான் தொங். "இதைப் பிடிச்சுக் குழம்பு வச்சா, மீன்தான் நம்மகிட்ட சோறு கேக்கும்."

"ஒரு நாள் தவிடு போடலைன்னா செத்து மிதக்குது தம்பி. போட்டாலும் இந்த லட்சணந்தான்."

தியெப் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த மாகாணத்தில் குளத்து மீனுக்குக் காசு கொடுத்துத் தீனி வாங்குகிறவனை ஊரே கூடிச் சிரிக்கும். பன்றிக் கொட்டகைக்குக் கீழே குளம், வாத்துக் கொட்டகைக்குக் கீழே குளம், சில வீடுகளில் கழிப்பறைக்குக் கீழேயும் குளம். மேலிருந்து விழுவதைத் தின்றே மீன் பருக்கும். தியெப்பின் சித்தப்பா இருபது பன்றி வைத்திருந்தார். அவர் குளத்துக் கெளுத்தி முழங்கை தடிமன். இங்கே மேலே மூவாயிரம் பாம்பு. கீழே மீன் பட்டினி.

அவள் தொங்கைப் பார்த்தாள். தொங் கண்ணைச் சிமிட்டிவிட்டு, கொழுப்பு சுத்தமானதுதானா, தேங்காய் எண்ணெய் கலந்ததா, எதிரிலேயே உருக்கிக் காட்ட முடியுமா என்று பேரம் பேச ஆரம்பித்தான். ஐந்தாம் அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. அவனைச் சமையல் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தியெப்புக்கு உடனே கால் சரியாகிவிட்டது.

நான்கு கொட்டகைகள். முதல் கொட்டகையில் நாற்றம் மூக்கில் அறைந்தது. மரக் கூண்டுகள், முன்பக்கம் கம்பி வலை, ஒவ்வொன்றிலும் ஒரு எண் வில்லை. பாம்புகள் உண்மையானவை. வெளியே போகும் வழி தேடி வலையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து எல்லாவற்றுக்கும் மூக்கு நுனி புண்ணாகிச் சிவந்திருந்தது. அவள் வரிசை வரிசையாக நடந்து எண்ணினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு.

இரண்டாம் கொட்டகையின் கதவில் ஒரு பலகை தொங்கியது. தோல் உரிக்கும் காலம். கூண்டைத் திறக்காதீர்கள். நியாயமான எச்சரிக்கைதான். தோல் உரிக்கும் பாம்புக்குக் கண் மங்கிவிடும். நிழலாடினால்கூடப் பாயும். எண்ணிக்கை பார்க்க வருகிற எந்த வனத்துறை ஊழியரும் வாசலில் நின்று டார்ச் அடித்துவிட்டு, வில்லைகளை எண்ணிக்கொண்டு போய்விடுவார்.

தியெப் உள்ளே போனாள். இருட்டு. முன்வரிசைக் கூண்டுகளில் தடித்த சுருள்கள் தெரிந்தன. அசையவில்லை. நாற்றமும் இல்லை. ஒரு கூண்டை விரலால் தட்டினாள். பிறகு கொக்கியை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

ரப்பர். மோட்டார் சைக்கிள் டயரை வெட்டி, சுருட்டி, அதன்மேல் பாம்பு உரித்த பழைய சட்டையைப் போர்த்தியிருந்தார்கள்.

பின்வரிசைகளில் அந்த மரியாதையும் இல்லை. வெறும் கூண்டும் வில்லையும்தான். தண்ணீர்க் கிண்ணங்களில் பல்லி முட்டையிட்டிருந்தது. கொக்கிகளுக்குக் குறுக்கே சிலந்தி வலை. மூன்றாம் கொட்டகையும் நான்காம் கொட்டகையும் அதேதான். அவள் போனில் படமெடுத்துக்கொண்டே போனாள்.

மூவாயிரத்தில் முந்நூற்றுச் சொச்சம். பத்தில் ஒரு பங்கு. தோவாவின் தொட்டிக்குள் சேர்ந்த வாயுவும் பத்தில் ஒரு பங்கு. குளம் பொய் சொல்லவில்லை. வனத்துறையைவிட ஒழுங்காக எண்ணியிருந்தது.

அப்படியானால் வருடா வருடம் கப்பலேறுகிற தோல்கள் எங்கிருந்து வருகின்றன? அதற்கும் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. கடைசிக் கொட்டகைக்குப் பின்னால் புதுத் தோல்கள் பலகையில் ஆணியடித்துக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கூடை. அதில் வெட்டிப்போட்ட தலைகள், ஈ மொய்த்துக்கொண்டு. தியெப் ஒரு குச்சியால் புரட்டினாள். ஒரு தலையில்கூட மூக்கு தேய்ந்திருக்கவில்லை. கம்பி வலையை ஒரு நாளும் பார்க்காத பாம்புகள். காட்டிலிருந்து நேரே கத்திக்கு வந்தவை. இறந்த பிறகு, இல்லாத ஏதோ ஒரு பாம்பின் வில்லையை வாங்கிக்கொண்டு, பண்ணையில் பிறந்து வளர்ந்ததாகக் கப்பலேறுகின்றன.

பூமிக்குக் கெடுதல் செய்யாத தோல். சான்றிதழில் அப்படித்தான் அச்சடிப்பார்கள்.

தொங் ஒரு சீசாக் கொழுப்போடு கால்வாய்க் கரையில் காத்திருந்தான். தியெப் போனைக் காட்டினாள். அவன் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தான்.

"டயர் பாம்பு" என்றான். "பஞ்சர் ஆனாத்தான் காத்து விடும். பாவம் அந்தப் பொண்ணு, அளக்க மீத்தேன் கருவியை எடுத்துட்டு வந்திருக்கா."

மணி பன்னிரண்டரை. நேரம் இருக்கிறது. படங்களையும் அந்தக் கணக்கையும் காவல் நிலையத்தில் வைத்தால், தோவா அளந்தது சரி என்று யாராலும் மறுக்க முடியாது. தியெப்புக்கு அன்று முதல்முறையாகப் பசித்தது.

படகு நீர்த்தென்னை மறைவில் கட்டியிருந்தது. லுவம் இல்லை. போன் செய்ய சிக்னல் தேடி மரப்பாலம் வழியாக எதிர்க்கரைக் கடைக்குப் போயிருந்தான். அங்கிருந்து கையசைத்தான். தான் படகைக் கொண்டுபோய் அவனை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி தொங் மோட்டாரைப் பிடித்தான். பதினைந்து வருடம் படகுத்துறையில் இருந்தவனுக்கு இது கூடத் தெரியாதா என்றான். டிக்கெட் கிழித்தவர்களெல்லாம் படகோட்டிகள் இல்லை என்று தியெப் சொல்லி முடிப்பதற்குள் படகு பாய்ந்தது. படித்துறைக்கு நாற்பது அடி தள்ளி, தண்ணீருக்கடியில் ஏதோ ஒன்று படாரென்று அடித்தது. மோட்டார் துள்ளி விழுந்து நின்றுபோனது. தொங் அதைத் தூக்கிப் பார்த்தான். விசிறியின் ஒரு இறக்கை காணோம், இன்னொன்று மடங்கியிருந்தது.

"அக்கா, கால்வாய் என்னைக் கடிச்சிடுச்சு."

தியெப் தண்ணீரைப் பார்த்தாள். ஏற்றத் தண்ணீர் வடியத் தொடங்கி நெடுநேரமாகிவிட்டது. கலங்கல் தண்ணீருக்குக் கீழே, விரல்கடை ஆழத்தில், பழைய பாலம் ஒன்றின் சிமென்ட் தூண் முனை நிழலாகத் தெரிந்தது. காலையில் இதற்குமேல் ஒரு முழத்துக்கும் அதிகமாகத் தண்ணீர் இருந்திருக்கும். கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

அவளுக்குப் பசி போய்விட்டது.

நெல் ஏற்றிப் போன ஒரு பெரிய படகு இவர்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக ஒப்புக்கொண்டது. ஆள் நடக்கிற வேகம். எதிர்க்கரையிலிருந்து வந்து ஏறிக்கொண்ட லுவம் மோட்டாரைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, நெளிந்த இறக்கையை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தான். பண்ணையில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று அவன் இன்னும் கேட்கவில்லை. அதுவும் தியெப்புக்கு உறுத்தியது.

"காலையில அந்தத் தூண் தண்ணிக்குள்ள இருந்துச்சு" என்றாள். "நீ வளைச்சுப் போனே."

"ஆகாயத்தாமரைன்னு சொன்னேனேக்கா."

"அங்க தாமரையே இல்ல. ரெண்டு இடத்துல வழி வேற கேட்டே. கேட்டது உன் வாயி. திருப்பினது உன் கை."

லுவம் மோட்டாரைக் கீழே வைத்தான். தொங் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டான். அவனோடு பழகிய எட்டு வருடத்தில் தியெப் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு லுவம் சொன்னான். ஆறு வருடமாக ஹுவானுக்குப் பாம்பு கொண்டுவந்து கொடுக்கிறான். தேன் எடுப்பவனுக்குக் காட்டுக்குள் போக அனுமதிச் சீட்டு உண்டு. தேன் கேனோடு இரண்டு சாக்கையும் சேர்த்து இறக்குவது கஷ்டமில்லை. அப்பா அம்மா இல்லை. தோவா படிப்பில் கெட்டிக்காரி. தேன் விற்ற பணம் அவள் கான் தோ போய்வர பஸ்ஸுக்கு ஆனது. கல்லூரிக்கு ஆகவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்ததும் நிறுத்திவிட நினைத்திருந்தான். ஹுவான் விடவில்லை. நாட்டில் இத்தனை பண்ணை இருக்க, அவளை அங்கேயே அளக்க அனுப்புவார்கள் என்று யார் கண்டது.

"அதனாலதான் கருவி, கருவின்னே." 

"கருவி பழுதுன்னு வந்திருந்தா அவ தப்பிச்சிருப்பாக்கா."

"ஹுவானும் தப்பிச்சிருப்பான்."

"ஆமா."

"நீயும்."

"நானும்" என்றான் லுவம். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. இது மட்டும் அவ காதுக்குப் போக வேணாம்."

தியெப் அவனைப் பார்க்காமல் கரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "காத்தை வச்சே பாம்பை எண்ணத் தெரிஞ்சவ அவ. அங்க பாம்பு இல்லைன்னு ரெண்டாவது தடவை அளந்தப்பவே தெரிஞ்சிருக்கும். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தா முதல் நாளே வெளிய வந்திருப்பா. பதினொரு நாளா அதைத் தவிர மத்த எல்லாத்தையும் சொல்றா. யாருக்காக?"

லுவம் கீழே வைத்த மோட்டாரைத் திரும்ப எடுக்கவில்லை.

அவர்கள் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கு நாற்பது. தோவா நான்கு மணிக்கே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

விசாரணை அதிகாரி நரைத்த, பொறுமையான மனிதர். தியெப்பின் போனை வாங்கி எல்லாப் படங்களையும் பார்த்தார். டயரைப் பெரிதாக்கிப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தார். பிறகு, வந்தது தாமதம் என்றார். தனியார் கொட்டகைக்குள் அனுமதியில்லாமல் எடுத்த படம். பண்ணைப் பதிவேட்டில் மூவாயிரம் இருக்கிறது, வனத்துறை எண்ணிப் பார்த்து முத்திரை போட்டிருக்கிறது. மூவாயிரம் இல்லை என்று சொன்ன ஒரே சாட்சி இந்தப் பெண்ணின் அளவுகள். அவை கற்பனை என்று இப்போது அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அவர் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். சைகோனிலிருந்து அரை மணிக்கு முன் வந்தது. தோவாவின் எண்களை அடித்துவிட்டு, ஒரு பாம்புக்கு இவ்வளவு என்ற பொதுவான அளவை மூவாயிரத்தால் பெருக்கிப் போட்டிருந்தார்கள். புதுச் சான்றிதழ் தயாராகிவிட்டது. சுத்தமான பண்ணை என்ற பெயர் மட்டும் ஹுவானுக்கு இல்லை. அதில் அவருக்கு வருத்தம் இருக்காது. டயர்களும் காலிக் கூண்டுகளும் அந்தக் காகிதத்தில் ஒழுங்காகத் தின்று, கழிந்து, மீத்தேன் விட்டுக்கொண்டிருந்தன.

தோவா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சிறிய உருவம், தடித்த கண்ணாடி. தியெப் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஐந்து மணிவரை நேரம் இருந்ததே என்று கேட்டாள்.

"நீங்க பண்ணைக்குப் போயிருக்கீங்கன்னு இங்க பேசிக்கிட்டாங்க" என்றாள் தோவா. "நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெரியும். அதான் சீக்கிரம் போட்டுட்டேன்."



லுவத்தின் காதிலும் அது விழுந்தது. தங்கையைப் பார்க்காமல் நேரே மேஜைக்குப் போனான். பாம்பு கொண்டுவந்து கொடுத்தது தான்தான், அவள் அளந்ததெல்லாம் உண்மை, எழுதிக்கொள்ளுங்கள் என்றான். தங்கைக்காக அண்ணன் சொல்வதையெல்லாம் எழுதத் தாள் போதாது என்று அதிகாரி பேனாவை மூடினார். லுவம் முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டி, இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டிப் பிறைபிறையாகப் பொட்டுத் தழும்புகள், பழையதன்மேல் புதியது; வீட்டில் தோவாவின் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அதிகாரி இந்த ஊர்க்காரர். அது எந்த வாய் கவ்விய அடையாளம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் முகத்திலிருந்த பொறுமை போய்விட்டது. ஒரு புதுத் தாளை இழுத்தார்.

"எத்தனை?"

"எண்ணலைங்க."

"பண்ணையில குறையறது ரெண்டாயிரத்து எழுநூறு. எல்லாத்தையும் உன் பேர்லயே போட்டுக்கவா?"

"போட்டுக்குங்க" என்றான் லுவம்.

தோவா பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"அது தப்பு" என்றாள். குரல் மிகவும் மெலிதாக இருந்தது. மேஜைவரை வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு ஆளு, ஒரு படகு. வாரத்துக்கு மூணுக்கு மேல பிடிக்க முடியாது. தேன் எடுக்குற மூணு மாசம் பிடிக்கவே மாட்டான். மிச்சம் முப்பத்தொம்பது வாரம். வருஷத்துக்கு நூத்திப் பதினேழு. ஆறு வருஷத்துக்கு எழுநூத்தி ரெண்டு. அதுக்கு மேல ஒண்ணுகூட எழுதாதீங்க. மிச்சத்தை ஹுவானைக் கேளுங்க."

லுவம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் எப்போது இந்தக் கணக்கைப் போட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தியெப்புக்குத் தெரிந்தது. பதினொரு நாளும் போட்டிருக்கிறாள்.

அதிகாரி தோவாவைப் பார்த்தார். அவர் முழங்கைக்கு அடியில், தான் கொடுத்த எண்கள் அனைத்தும் கற்பனையே என்று அவள் கையெழுத்துப் போட்ட தாள் கிடந்தது. அதை நகர்த்தி ஓரமாக வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, லுவத்தின் பெயருக்கு நேரே எழுநூற்று இரண்டு என்று எழுதினார்.

அந்த எண்ணை அவர் சரிபார்க்கக்கூட இல்லை.